பொதி கடக்கும் நேரம்

கணினி வலையமைப்பில் செய்தி ஒரே தொடராகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும் பொதியின் கடைசி பிட் வந்துசேரும் வரை காத்திருந்து, அதன் பின்னரே அதனை அடுத்த இணைப்பில் செலுத்தும்.

இவ்வழியில் நேரும் தாமதம் நால்வகைப்படும். முகவரியைப் படித்து வழியைத் தெரிவதற்காவது செயலாக்கத் தாமதம்; இது மிகச் சிறிது. முன்வந்த பொதிகள் நீங்கும் வரை காத்திருப்பது வரிசைத் தாமதம். பொதியின் பிட்டுகள் அனைத்தையும் இணைப்பில் ஏற்றி முடிப்பதற்காவது அனுப்புகைத் தாமதம். பொதியின் அளவை இணைப்பின் வேகத்தால் வகுக்க இது கிடைக்கும். ஏறிய பிட் மறுமுனையை அடைய ஆவது பரவல் தாமதம். தொலைவைச் சமிக்ஞையின் வேகத்தால் வகுக்க இது கிடைக்கும். கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ.

இறுதி இரண்டையும் மாணவர் பலர் ஒன்றெனக் கொண்டு பிழை செய்வர். பேருந்தில் பயணிகள் ஏறும் நேரம் வேறு. பேருந்து ஓடும் நேரம் வேறு. படிக்கட்டை அகலமாக்கினால் ஏறும் நேரம் குறையுமேயன்றி மதுரை அருகில் வந்துவிடாது.

ஒரு கணக்கைக் காண்போம். திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கணினி, 1,500 பைட் (12,000 பிட்) பொதியைச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது என்க. பள்ளியிலிருந்து ஊர்த் திசைவி வரை வேகம் நொடிக்கு 10 மெகாபிட், தொலைவு புறக்கணிக்கத்தக்கது. அங்கிருந்து சென்னை வரை 100 மெகாபிட், 600 கி.மீ. சென்னை – சிங்கப்பூர் கடலடி வடத்தில் 10 கிகாபிட், ஏறத்தாழ 3,200 கி.மீ.

அனுப்புகைத் தாமதம் = 1.2 + 0.12 + 0.0012 = 1.3212 மில்லிநொடி

பரவல் தாமதம் = 3 + 16 = 19 மில்லிநொடி

செயலாக்கமும் வரிசையும் நீங்கலாக, முனைக்கு முனை தாமதம் 20.3212 மில்லிநொடி. முதல் இணைப்பைப் பத்து மடங்கு விரைவாக்கினும் குறைவது 1.08 மில்லிநொடியே. எஞ்சிய பெரும்பகுதி கடலின் அகலத்தால் வருவது; அதனைப் பணம் கொடுத்துக் குறைக்க இயலாது.

1969இல் நிலை வேறு. அவ்வாண்டு கலிபோர்னியாவில் தொடங்கிய அர்ப்பாநெட்டின் இணைப்பு வேகம் நொடிக்கு 50 கிலோபிட். 1,000 பிட் கொண்ட ஒரு பொதியை ஏற்றவே 20 மில்லிநொடி ஆயிற்று; லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு வரை பரவ ஏறத்தாழ 3 மில்லிநொடி போதுமானது.

வரிசைத் தாமதம் இவ்வாறு ஒரே வகுத்தலில் அடங்காது. மேற்கண்ட 10 மெகாபிட் இணைப்புக்கு நொடிக்குச் சராசரியாக 800 பொதிகள் வந்தால் அதன் கொள்ளளவில் 96 விழுக்காடு நிரம்பும். இன்னும் 4 விழுக்காடு இடமிருக்கிறதே எனத் தோன்றும். ஆயினும் பொதிகள் சீரான இடைவெளியில் வருவதில்லை, கும்பலாக வருகின்றன. ஆகவே கொள்ளளவை நெருங்க நெருங்க வரிசை மிக விரைந்து நீளும். இருப்பிடம் நிரம்பியபின் வரும் பொதி கைவிடப்படும்.

பயிற்சி: மேற்கண்ட வழியில் மூன்று பொதிகளை அடுத்தடுத்து அனுப்பினால், கடைசிப் பொதி எப்போது சேரும்? 20.3212ஐ மூன்றால் பெருக்குதல் தவறு. ஏன் எனக் காட்டி, 22.7212 மில்லிநொடி என்னும் விடையைப் பெறுக.