எழுதுவினைஞராக இருந்தவர் கொண்டுவந்த சேமலாபம்
(ரி. பி. இலங்கரத்னவும் ஊழியர் சேமலாப நிதியமும்)

உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு கற்கும் எவரும் சம்பளப் பதிவேடு தயாரிக்கும் கணக்கைச் செய்யாமல் தப்ப முடியாது. அடிப்படைச் சம்பளம், படிகள், மேலதிக நேரக் கொடுப்பனவு என்று நிரல்கள் போட்டு வரும்போது ‘ஊ.சே.நி. 8%’ என்றொரு நிரல் வரும். தொழில்தருநரின் பக்கத்தில் 12% வரும். அதற்கும் அப்பால் ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்கென்று 3% வரும். நாம் பெருக்கிக் கழித்து விடையைச் சரிபார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். இந்த 8 உம் 12 உம் எங்கிருந்து வந்தன, யார் கொண்டுவந்தது என்று பாடநூல் சொல்வதில்லை. அதைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தேடலில் கிடைத்த பெயர் ரி. பி. இலங்கரத்ன. 1913 இல் கண்டி மாவட்டத்தில் பிறந்தவர். சிங்களச் சிறுவர் இலக்கியத்தில் அவருடைய ‘அம்ப யஹலுவோ’ நாவல் மிகவும் பிரபலமானது. தொலைக்காட்சித் தொடராக வந்ததால் நம் பெற்றோரின் தலைமுறைக்கும் அது தெரிந்திருக்கும். வளவு வீட்டுப் பையனுக்கும் ஏழைப் பையனுக்கும் இடையிலான நட்பைச் சொல்லும் அந்தக் கதையை எழுதியவர்தான் நமது சம்பளப் பதிவேட்டிலுள்ள அந்த நிரலுக்கும் காரணமானவர் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

அவர் அரசியலுக்கு வந்த வழி வழமையான வழியன்று. அரச சேவையில் எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கியவர், பின்னர் அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கத்தின் தலைவரானார். 1947 இல் நாட்டில் பெரும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அரச ஊழியர்களின் தொழிற்சங்க உரிமை அதில் முக்கியமானதொரு கோரிக்கை. அவ்வாண்டு ஜூன் 5 ஆந் திகதி கொழும்பில் வேலைநிறுத்தக்காரர்கள் மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பேதமின்றிச் சேர்ந்திருந்த ஒரு சங்கத்தின் போராட்டத்தில் பலியானவர் அவர். வேலைநிறுத்தம் தோற்றது. இலங்கரத்ன தொழிலை இழந்தார்.

அடுத்த ஆண்டே, 1948 இல், கண்டித் தொகுதி இடைத்தேர்தலில் வென்று அவர் பாராளுமன்றம் சென்றார். தேர்தல் மனுவொன்றினால் 1949 இல் அந்த ஆசனமும் பறிபோனது. அப்போது நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி தமாரா குமாரி இலங்கரத்ன போட்டியிட்டு வென்றார். சுதந்திர இலங்கையின் ஆரம்பகாலப் பெண் பாராளுமன்ற உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அவரைப் பற்றித் தமிழில் யாராவது தனியாக எழுத வேண்டும். நான் இங்கு ஒரு வரியோடு கடந்து போவது நியாயமில்லைதான்.

1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் இலங்கரத்னவுக்குத் தொழில், வீடமைப்பு, சமூக சேவைகள் அமைச்சுப் பொறுப்புக் கிடைத்தது. சங்கத் தலைவராக வெளியே நின்று கேட்டவற்றைச் சட்டமாக்கும் இடத்துக்கு அவரே வந்து சேர்ந்தார்.

அப்போது நிலைமை எப்படி இருந்தது? அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் இருந்தது. தனியார் கடையிலோ, தொழிற்சாலையிலோ, தோட்டத்திலோ உழைத்தவருக்கு வயது போனபின் சட்டப்படி நிச்சயமான ஒன்றும் கிடையாது. சில பெரிய கம்பனிகள் தாமாகவே சேமலாப நிதி வைத்திருந்தன. மற்ற இடங்களில் முதலாளியின் மனம்தான் சட்டம். 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954 இன் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் வேலை நேரம், சம்பளம், லீவு ஆகியவற்றைக் கவனித்தன. கை தளர்ந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

மலாயா 1951 இலும், இந்தியா 1952 இலும், சிங்கப்பூர் 1955 இலும் கட்டாய சேமலாப நிதிகளைத் தொடங்கியிருந்தன. இலங்கையில் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் அந்த வரிசையில் வந்தது. அன்று பாராளுமன்றத்தில் பிரதிநிதிகள் சபை, மூதவை என இரு சபைகள் இருந்தன. சட்டமூலமொன்று இரண்டையும் கடந்தே சட்டமாக வேண்டும். இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1958 ஜூன் 1 ஆந் திகதி. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், மே 27 இல், இனக்கலவரம் காரணமாக நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. இனம் பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் பொதுவான ஒரு சட்டம், மனிதர் இனம் பார்த்து வெட்டப்பட்ட அதே வாரத்தில் நடைமுறைக்கு வந்ததை எண்ணினால் மனம் கனக்கிறது. அவ்வருட வரலாற்றைப் படிக்கும்போது கலவரத்தை மட்டும் படித்துவிட்டு இதை விட்டுவிடுகிறோம்.

தொடக்கத்தில் ஊழியரின் பங்கு 4 சதவீதமாகவும் தொழில்தருநரின் பங்கு 6 சதவீதமாகவும் இருந்தன. பின்னர் உயர்ந்து இன்றைய 8 உம் 12 உம் ஆகின. மாதம் 30,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரின் சம்பளத்திலிருந்து 2,400 ரூபா கழிக்கப்படும். முதலாளி தன் பணத்திலிருந்து 3,600 ரூபா சேர்க்க வேண்டும். மொத்தம் 6,000 ரூபா அந்த ஊழியரின் பெயரில் மாதாமாதம் சேரும். முதலாளி தன் 12 சதவீதத்தையும் ஊழியரின் சம்பளத்தில் வெட்டுவது சட்டவிரோதம். நிதியைப் பொறுப்பாக வைத்திருப்பது இலங்கை மத்திய வங்கி. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் ஆணையாளர்.

நமது பெற்றோர் பலருக்குத் தெரியாத சில விடயங்கள் இதில் உள்ளன. நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான் ‘ஈ.பி.எப்.’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தற்காலிகம், நாட்சம்பளம், பயிலுநர், துண்டுக் கணக்கில் தைப்பவர் என்று எவராயினும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்துடையவர். பங்களிப்பைக் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படியும், தரகுப் பணமும், முதலாளி வழங்கும் உணவின் பெறுமதியும்கூடச் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. பகல் சாப்பாடு கொடுக்கிறோம் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசும் கடைகளில், அந்தச் சோற்றுக்கும் 20 சதவீதம் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது.

என் சாச்சி ஒரு புடைவைக் கடையில் 11 வருடங்கள் விற்பனைப் பெண்ணாக நின்றார். ‘நின்றார்’ என்பது வெறும் வார்த்தையன்று. அங்கே உட்காரக் கதிரை கிடையாது. கால் நரம்பு வீங்கி இனி நிற்க முடியாது என்ற நிலையில் வேலையை விட்டார். “உங்கட ஈ.பி.எப். எல்லாம் ஒழுங்கா கட்டித்தான் இருக்கு, யோசிக்க வேணாம்” என்று முதலாளி சொல்லியிருந்தார். சாச்சியும் நம்பினார். அடையாள அட்டையைக் கொண்டுபோய் விசாரித்தபோது கணக்கில் 4 வருடப் பணம் மட்டுமே இருந்தது. ஆனால் சம்பளத்தில் 11 வருடமும் வெட்டப்பட்டிருந்தது.

சம்பளச் சிட்டை ஒன்றும் கையில் இல்லை. ராத்தாவும் நானும் சாச்சியோடு இருந்து தேடியதில் வங்கிப் புத்தகத்தில் பதிவான சம்பள வரவுகளும், பெருநாள் மேலதிகக் கொடுப்பனவுக்குக் கையொப்பமிட்ட ஒரு தாளின் படமும் கிடைத்தன. உடன் வேலை செய்த இருவர் எழுத்தில் சாட்சி தர இணங்கினர். அவற்றோடு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். விசாரணைக்கு மூன்று தடவை அழைத்தார்கள். முதற் தடவை முதலாளி வரவில்லை. இரண்டாம் தடவை வந்து, சாச்சி இடையில் வேலையை விட்டுப் பின்னர் மீண்டும் சேர்ந்ததாகச் சொன்னார். வங்கிப் புத்தகத்தைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. இப்போது தவணை முறையில் கட்டி வருகிறார்.

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ‘உப்பிட்டவரைப் பகைக்கலாமா’ என்பது அவர் கேள்வி. ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் உழைத்தவரின் சம்பளத்தில் வெட்டிய பணம் முதலாளி இட்ட உப்பு அல்லவே.

சட்டம் இதில் உறுதியாகவே இருக்கிறது. ஒரு மாதத்துக்குரிய பங்களிப்பை அடுத்த மாத இறுதிக்குள் கட்டிவிட வேண்டும். தாமதமானால் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். கட்டாத தொழில்தருநரை நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. குறை எங்கே என்றால், முறைப்பாடு செய்யாதவரின் கணக்கு வெறுமையாக இருப்பது பல வருடங்களுக்கு யாருக்கும் தெரியாமலே போகலாம்.

சுகாதாரத்தோடு இந்நிதிக்கு இருக்கும் தொடர்பு பின்னாளில் வந்தது. 1958 இன் எண்ணம் முதுமைக்கான சேமிப்பு மட்டுமே. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைப் பெறலாம்; நிரந்தரமாக இயலாமற் போனால் முன்னரே பெறலாம். 2012 இன் திருத்தத்தின்படி, 10 வருடங்களுக்கு மேல் பங்களித்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் வைத்திருப்பவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம். 1980 இல் தனிச் சட்டத்தால் உருவான ஊழியர் நம்பிக்கை நிதியம் இதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை ஆகியவற்றுக்கு உதவி வழங்குகிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் அங்கத்தவரின் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. நம் கல்லூரியின் ஆரம்பப் பிரிவுப் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

இனி எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண், 50 வயதுக்குக் காத்திராமல் தன் பணத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. இதை ஒரு சலுகை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலையில் ஆறேழு வருடம் தைத்த பெண்ணின் பணம் கல்யாணச் செலவாகவும் தளபாடமாகவும் போய்விடுகிறது. ஐம்பது வயதில் அவள் பெயரில் ஒன்றும் இருப்பதில்லை. கல்யாணம் முடித்த பெண்ணை இனிக் கணவன் பார்ப்பான் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட பிரிவு இது. விதவையானவர்களையும் கைவிடப்பட்டவர்களையும் நாம் அறிவோம். எடுக்கும் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாதியையாவது கணக்கில் விட்டு வைப்பவருக்கு ஏதேனும் ஊக்கம் கொடுக்கலாம்.

ஓய்வூதியம்போல மாதாமாதம் தராமல் மொத்தமாகத் தருவது இந்நிதியின் பெரிய பலவீனம். விலைவாசி ஏறினால் சேமிப்பு உருகிவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. அவ்வருடம் நிதியம் அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். 2023 ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தபோது, அதில் முதன்மையாகச் சேர்க்கப்பட்டது இந்நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகள்தான். 1958 இல் ஊழியருக்கென்று உருவாக்கிய நிதி, அரசாங்கத்துக்கு மிகப்பெரிய கடன் கொடுப்பவராக வளர்ந்திருந்தது. இப்படியாகுமென்று இலங்கரத்ன எண்ணியிருப்பாரா தெரியாது.

அவருடைய பிற்காலப் பணிகளும் சிறியவையல்ல. 1961 இல் வர்த்தக அமைச்சராக மக்கள் வங்கியை நிறுவியவர் அவரே. பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அவ்வாண்டுச் சட்டத்தால் வந்தது. 1963 – 64 இல் நிதி அமைச்சராகவும் இருந்தார். 1992 இல் காலமானார்.

சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே விடுபட்ட ஒரு கூட்டத்தினர் இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்வோர். கடையில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்குச் சேமலாபம் உண்டு. அதே பெண் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினால் இல்லை. நமது வீடுகளுக்கு வந்து மா இடித்து, உடுப்புக் கழுவி, பெருநாளைக்குக் கூடுதலாக இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகும் தாய்மாரில் பலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர்களுக்கு இன்று யார் மாதாமாதம் என்ன சேர்க்கிறார்கள் என்று இதை வாசிக்கும் வீடுகளில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் நான் கேட்டேன். வாப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வரும் அந்த உம்மாவின் அடையாள அட்டையின் பிரதியை வாங்கி, அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்க வங்கிக்குப் போனார்.