மரத்துப்போன கைகளுக்கு ஒரு மரவேலைக் கொட்டகை

மாதனூரிலிருந்து நம் நீரிழிவுப் பிரிவுக்கு வந்துசெல்லும் பெரியவர் ஒருவர் இளமையில் தச்சு வேலை கற்றவர். பின்னர் காலணித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். மகன் காரை விற்றுவிட்டதால் வீட்டின் முன்புறக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. அதில் சிறு பட்டறை ஒன்றை அமைத்து, பேரப்பிள்ளைகளுக்கு முக்காலியும் நடைவண்டியும் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆனால், அவருடைய பாதங்களில் உணர்ச்சி ஏறக்குறைய இல்லை. விரல் நுனிகளும் மரத்துவருகின்றன. உளியைத் தொடவே கூடாது என்பது குடும்பத்தாரின் முடிவு. சென்ற மாதம் தந்தையும் மகனும் கைப்பயிற்சி அளிக்கும் எங்கள் பிரிவுக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து, எங்களிடம் தீர்ப்புக் கேட்டனர்.

தீர்ப்பை உடனே சொல்லிவிடுகிறோம்: பட்டறை அமைக்கலாம். ஆனால், உணர்ச்சியுள்ள கைக்கு அமைக்கும் பட்டறையை அப்படியே இவருக்கும் அமைத்தல் ஆகாது. இந்த வேறுபாட்டை உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் முதன்மையானது, மாதனூரில் பேருந்து ஏறினால் சென்று சேரும் வேலூர்தான். ஆதலால் அந்த வரலாற்றிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குவோம்.

தச்சு கற்ற மருத்துவர்

மருத்துவர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்தபின், மருத்துவம் பயில்வதற்கு முன்பு, சில ஆண்டுகள் தச்சு, கொத்து முதலிய கட்டடத் தொழில்களைக் கற்றார். வீணாய்ப்போன காலமென்று தோன்றிய அந்த ஆண்டுகள் பின்னாளில் பெரிதும் பயன்பட்டன. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன கைகளைக் கண்டார். பயனற்றவை எனக் கருதப்பட்ட அக்கைகளில் சில தசைகள் முழு வலிமையோடு இருந்ததை உணர்ந்து, அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை வேலூரில் தொடங்கினார்.

விரல்கள் நிமிர்ந்தன. ஆனால், எதிர்பாராத ஒரு முறையீடு எழுந்தது. குணமாகிச் சென்றவர்களுள் சிலர் திரும்பி வந்து, கைகள் சீரானபின் பிச்சை இடுவோர் குறைந்துவிட்டனர் என்றும், தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை என்றும் வருந்தினர். கையைத் திருத்தினால் போதாது, அதற்கு ஒரு தொழிலும் வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. கல்லூரி வளாகத்தில் எளிய குடில்களோடு 'நவஜீவ நிலையம்' எழுந்தது. அங்கே ஒரு தச்சுப் பட்டறையும் அமைந்தது. அறுவை மருத்துவரே உளி பிடித்துக் கற்றுத்தர, நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்தனர்.

அதன்பின்பே உண்மையான சிக்கல் தோன்றியது. பட்டறையில் வேலை செய்தவர்களின் கைகளில் புண்கள் வந்தன. தொழுநோயாளியின் தசை தானாகவே அழுகும், விரல்கள் தானாகவே உதிரும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். பிராண்ட் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு புண்ணுக்கும் உரிய காரணத்தைத் தேடினார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாமல் அவர் நின்றபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. அவனோ அதை அறியவே இல்லை. அவனுக்கிருந்தது மிகுந்த வலிமையன்று. 'போதும், நிறுத்து' என்று சொல்லும் வலி அவனிடம் இல்லாததே காரணம். இரவில் விரல்கள் குறைந்துபோவதன் காரணமும் இவ்வாறே வெளிப்பட்டது: உறங்குபவரின் விரலை எலி கடித்துச் சென்றது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

நீரிழிவு வேறு நோய், தொழுநோய் வேறு நோய். ஆயினும் நரம்பு உணர்ச்சியை இழந்த கைக்கு இரண்டிலும் ஒரே வகை ஆபத்துதான். தொழுநோயிலிருந்து முழுமையாகக் குணமடைந்த பின்பும் உணர்ச்சி திரும்பாமல் வாழ்வோர் நம் வாசகர்களிடையே உள்ளனர். அவர்களுக்கும் இப்பாடம் பொருந்தும்.

காயம் எவ்வாறு உண்டாகிறது?

உளி வெட்டுவது, ஆணி குத்துவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் காயங்கள். இவற்றைவிடத் தந்திரமானவை வேறு இரண்டு. முதலாவது, சிறிய அழுத்தம் நெடுநேரம் நீடிப்பது. ரம்பத்தின் பிடி ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே குருதி ஓட்டம் தடைப்பட்டுத் தசை சாகும். இரண்டாவது, தாங்கக்கூடிய அழுத்தமே பன்முறை திரும்பத் திரும்ப விழுவது. இழைப்புளியை இருநூறு முறை தள்ளும்போது, நலமான கை ஐம்பதாவது முறையிலேயே தானறியாமல் பிடியை மாற்றிக்கொள்ளும். உணர்ச்சியற்ற கை மாற்றாது. இருநூறு முறையும் அதே தோல், அதே எலும்பு முனை. அன்று மாலை ஒன்றும் தெரியாது, மறுநாள் கொப்புளம், மறுவாரம் புண்.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. பொருளின் உணர்வு தெரியாததால், அது நழுவிவிடும் என்று அஞ்சி, உணர்ச்சியற்ற கை தேவைக்கு மிஞ்சிய பலத்தோடு பற்றுகிறது. மெல்லிய பிடியை அவ்வாறு பற்றினால் விசை முழுவதும் சில விரல்முனைகளிலேயே குவியும். ஆதலால் பட்டறை அமைப்போர் முதலில் வாங்க வேண்டியது புதிய கருவியன்று. பழைய கருவிகளுக்குப் பருத்த, வழவழப்பான பிடி. 3 முதல் 4 செ.மீ. வரை பருமன் உள்ள பிடி பெரும்பாலோர்க்குப் பொருந்தும். விளிம்புகள் உருண்டிருக்க வேண்டும்; வெடிப்போ சிராயோ இருத்தல் கூடாது. பிடியின் மேல் மெல்லிய தோலைச் சுற்றி ஒட்டுவது சிறந்த முறை. ஆம்பூர் வட்டாரத்தில் துண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. எனவே இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டை மட்டும் கவனியுங்கள்: ஆணி அடியாமல் பசையால் ஒட்டி, மூட்டு உள்ளங்கையில் படாதவாறு வையுங்கள். குரோம் உப்பால் பதனிட்ட தோல் சிலருக்குக் கரப்பானை உண்டாக்கும். முன்பே அத்தொல்லை இருந்தவர்கள் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருளால் பதனிட்ட தோலைத் தேடிக்கொள்ள வேண்டும்.

கொட்டகையைச் சீரமைத்தல்

விரல் செய்த வேலையை இனிக் கண் செய்ய வேண்டும். எனவே வெளிச்சத்துக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். கொட்டகையின் வாயில் வெளிச்சம் மட்டும் போதாது. வலக்கைப் பழக்கமுடையவர்க்கு இடப்பக்கத்திலிருந்து விழுமாறு, வேலை மேசைக்கு மேல் தனி விளக்கு வேண்டும். நீரிழிவு விழித்திரையையும் பாதிக்கும் என்பதால், பட்டறை தொடங்குமுன் கண் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். கையும் உணராது, கண்ணும் தெளிவாகக் காணாது என்றால், எங்கள் தீர்ப்பு மாறிவிடும்.

மேசை அசையக் கூடாது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரமே இழைப்பதற்கு ஏற்றது. மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கும் பழக்கத்தை இவர்கள் அறவே விட வேண்டும். மேசையோரத்தில் ஒரு வைஸும், இரண்டு கிளாம்புகளும் இருந்தால் மரத்தை அவை பிடித்துக்கொள்ளும்; இரு கைகளும் கருவியின் பின்னால் நிற்கும். உளியின் முன்னால் கை இருக்கவே கூடாது என்பது ஆசாரிகள் சிறுவர்க்குச் சொல்லும் முதற்பாடம். வயது முதிர்ந்தபின் அதை மீண்டும் கற்பதில் தவறில்லை. மழுங்கிய உளியே மிகுதியாகக் காயப்படுத்தும், ஏனெனில் அதை அதிக பலத்தோடு தள்ள வேண்டியிருக்கும். சாணை பிடிப்பது கடினமாயின் வீட்டிலுள்ள வேறொருவர் அதைச் செய்துதரலாம்.

மின் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். வட்ட ரம்பமும் மின் இழைப்புளியும் உணர்ச்சியற்ற கைகளுக்கு வேண்டா என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரிய பலகைகளை மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள். துளையிடும் டிரில்லை, மரத்தைக் கிளாம்பில் இறுக்கியபின் பயன்படுத்தலாம். சுழலும் கருவி எதிலும் கையுறை அணியலாகாது, அது துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். துளையிட்ட உடனே அலகைத் தொடாதீர்கள். சுடுவது உங்களுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்க் கிடந்த இரும்புக் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மின் இணைப்பில் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இருக்கின்றனவா என்று மின்பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இருசக்கர வண்டியை அதே கொட்டகையில் நிறுத்துவதாயின், அங்கே இயந்திரத்தை ஓடவிடலாகாது. பெட்ரோல் புட்டியையும் வைக்கலாகாது.

தரையைப் பற்றிச் சொல்லாமல் இப்பாடம் நிறைவு பெறாது. நம் வழக்கப்படி வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறோம். கொட்டகை வீட்டின் பகுதி என்றெண்ணி அங்கும் வெறுங்காலோடு நிற்போர் பலர். ஆணியும் சிராயும் கிடக்கும் தரையில் உணர்ச்சியற்ற பாதம் வெறுமையாக நிற்பதைவிட ஆபத்தானது வேறில்லை. கொட்டகைக்கென்று முன்புறம் மூடிய தனிக் காலணியை வாயிலிலேயே வையுங்கள். உள்ளே எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் இருக்க வேண்டும். அடித்தட்டு ஆணியால் அன்றிப் பசையால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அணியும் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டல்லாமல், கவிழ்த்துத் தட்டி, வெளிச்சத்தில் பார்த்து அணியுங்கள். கைக்கும் உணர்ச்சி இல்லையல்லவா?

எந்த மரம்?

தொடக்கத்துக்கு மாவும் வேம்பும் போதும். தொழிற்சாலைகளில் கழிக்கப்படும் சரக்குப் பேலட்டுகளை வாங்குவோர் அதன் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அது வேண்டா. தோல் பதனிடும் இரசாயனங்கள் ஏற்றி வந்த பேலட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குழந்தைகளின் பொம்மைக்கு அது ஒருபோதும் ஆகாது.

மரத்தூளும் தோல் தூசும் மூக்குப் பகுதிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. 1960-களில் இங்கிலாந்தின் ஹை வைகம் நகர மரச்சாமான் தொழிலாளரிடையே முதலில் இது கண்டறியப்பட்டது. பின்னர் அந்நாட்டுக் காலணித் தொழிலாளரிடையேயும் காணப்பட்டது. பல்லாண்டுகள் தூசிலேயே உழைத்தவர்க்குரிய ஆபத்து இது. வாரத்தில் சில மணி நேரம் இழைப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், மாதனூர்ப் பெரியவரைப் போல் ஏற்கெனவே நெடுங்காலம் தோல் தூசைச் சுவாசித்தவர் கூடுதல் கவனம் கொள்ளட்டும்: உப்புத்தாள் தேய்ப்பதைத் திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து செய்யுங்கள், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் நீண்ட நாள் அடைத்திருந்தாலோ, குருதி கசிந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

குடும்பத்தாரின் பங்கு

சாப்பிடாமல் பட்டறைக்குள் செல்லக் கூடாது. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டவர் வேலையில் மூழ்கினால், சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கக்கூடும். அருகிலேயே சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி ஒலிக்குமாறு கைப்பேசியில் வைத்து, ஒலித்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பின்னர் வேறு வகை வேலைக்கு மாறலாம்: இழைத்தவர் அளக்கலாம், அளந்தவர் ஒட்டலாம்.

மாலையில் வீட்டார் ஒருவர், உணர்ச்சியுள்ள தம் புறங்கையால் அவருடைய உள்ளங்கையையும் பாதத்தையும் தடவிப் பார்க்கட்டும். ஓரிடம் மட்டும் சிவந்தோ சூடாகவோ இருந்தால், புண் வருவதற்கு முந்திய அறிவிப்பு அதுவே. அச்சூடு தணியும்வரை பட்டறைக்கு விடுமுறை. காயம் ஏற்பட்டுவிட்டால், வலிக்கவில்லை என்பதை வைத்து அது சிறியது என்று முடிவு செய்யாதீர்கள். தூய நீரால் கழுவி, தூய துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டா. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதைப் பட்டறைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

இவற்றையெல்லாம் கேட்டபின் மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மாலைதோறும் கையைத் தடவிப் பார்ப்பது யார் என்று நாங்கள் கேட்டோம். "நான் பார்த்துக்கிறேம்பா," என்று அவர் தந்தையிடம் சொன்னார். பெரியவர் அடுத்த முறை வரும்போது தம் பழைய இழைப்புளியையும் இரண்டு உளிகளையும் துணியில் சுற்றி எடுத்து வருவதாக இருக்கிறார். உங்கள் வீட்டிலும் அத்தகைய கருவிகள் இருந்தால் கொண்டுவாருங்கள். உங்கள் கைக்கு ஏற்ற பிடியின் அளவை நாங்கள் குறித்துத் தருவோம்.