பாட்டு சாரும் சுரமானியும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்கு ஒலியியல் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தார். நூலகத்தில் அமர்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அதிலிருந்த செய்திகளில் பாதிக்கு மேல் நான் முதன்முதலாகக் கேட்டது கல்லூரி வகுப்பறையில் அன்று. மேனாம்பேட்டிலிருந்து நாள்தோறும் நடந்து சென்று படித்த பள்ளிக்கூடத்தின் வேப்பமரத்தடியில், பாட்டு சாரிடம். ஆகவே அந்த இரண்டு பக்கங்களையும் ஒதுக்கிவிட்டு அவரிடமிருந்தே தொடங்குகிறேன். கட்டுரை ஒலியியலை விட்டு விலகிவிடாது என்று பேராசிரியருக்கு உறுதி கூறியிருக்கிறேன்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளியில் யாரும் அதைச் சொன்னதில்லை. கணக்கு சார், தமிழ் ஐயா, டிரில் சார் என்பது போல அவர் பாட்டு சார். 2012ஆம் ஆண்டில் தமிழக அரசு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலிய பாடங்களுக்காகப் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. அவர்களுள் ஒருவர் அவர். வாரத்தில் மூன்று அரை நாள் வருவார். தனக்கென ஓர் அறை இல்லாததால் மரத்தடியே அவருடைய வகுப்பு. மழை வந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். கையில் ஒரு சுருதிப்பெட்டி. அதன் துருத்தியில் இரண்டு இடங்களில் சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கும்.

நான் ஏழாம் வகுப்பு வரை ஓரளவு பாடுவேன். எட்டாம் வகுப்பில் குரல் உடைந்தது. பருவம் வரும்போது ஆண்பிள்ளைகளின் குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது என்பதை இன்று அறிவேன். அன்று தெரிந்ததெல்லாம் கூட்டுப் பாடலின் நடுவே என் தொண்டையிலிருந்து சேவல் கூவியதும், வகுப்பே சிரித்ததும்தான். மறு வகுப்பில் நான் பின்வரிசையில் பதுங்கினேன். சார் கூப்பிட்டார். "குரல் போனா என்னடா, காது அங்கேதானே இருக்கு? இனிமே நீ பாட வேணாம், கேளு" என்று சொல்லிச் சுருதிப்பெட்டியை என் மடியில் வைத்தார். அன்று முதல் அவருடைய கருவிகளுக்கு நான் பொறுப்பாளன்.

கருவிகள் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு பலகை, ஒரு எஃகுக் கம்பி, இரண்டு மரக்கட்டைகள், நான்கு செங்கற்கள். பலகையின் ஒரு முனையில் கம்பியை ஆணியில் கட்டி, மறுமுனையில் தொங்கவிட்டு, அதில் ஒரு செங்கல்லை மாட்டுவார். கட்டைகளுக்கு இடையே 60 செ.மீ. இருக்கும்படி வைத்துத் தட்டினால் அதுதான் ச. கட்டையை நகர்த்தி 40 செ.மீ. ஆக்கினால் ப. 45இல் ம. 48இல் காந்தாரம். சரிபாதியான 30இல் மேல் ச. கம்பி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அதிர்வெண் கூடுகிறது. அளவுகோலும் கையுமாக நாங்கள் சப்த சுரங்களைச் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டோம். அவற்றுக்குச் சிலப்பதிகாரக் காலத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் வழங்கியதையும் அப்போதே சொல்லிக் கொடுத்தார். தமிழ் ஐயா பின்னர் அதைக் கேட்டபோது வகுப்பில் விடை சொன்னவன் நான் ஒருவன்தான்.

பிறகு ஒரு நாள் கேட்டார். "கட்டையைத் தொடக்கூடாது. நீளம் அப்படியே இருக்கணும். மேல் ச வேணும். எத்தனை கல்லு கட்டணும்?" இரண்டு என்றோம். இரண்டாவது கல்லைக் கட்டினார். சுரம் ஏறியது; ஆனால் மேல் சட்ஜத்தைத் தொடவில்லை. மூன்றாவதிலும் எட்டவில்லை. நான்காவது கல்லை மாட்டிக் கம்பியைத் தட்டியபோது சுருதிப்பெட்டியோடு அது கலந்த கலப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இரட்டிப்புச் சுரத்திற்கு நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். ஏன் என்று கேட்டோம். "அது எனக்குத் தெரியாது. ஆனா அப்படித்தான் இருக்கு. ஏன்னு படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றார். தெரியாது என்பதை ஓர் ஆசிரியர் வெட்கப்படாமல் சொல்லிக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை.

கல்லூரி முதலாண்டில் ஆய்வகத்தில் சுரமானியைப் பார்த்தேன். தேக்குப் பெட்டி, கப்பி, எடைதாங்கி, இசைக்கவை என்று எல்லாம் நேர்த்தியாக இருந்தன. ஆனாலும் அது சாருடைய பலகைதான். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது விதி. ஆகவே ஒரே இசைக்கவையை வைத்துக்கொண்டு 1 கிலோவுக்குப் பதில் 4 கிலோ மாட்டினால் ஒத்ததிர்வு நீளம் இரு மடங்காகும். நண்பர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் கவையைக் காதருகே வைத்துக் கேட்டு, கம்பியைச் சுண்டிக் கேட்டு, கட்டையை ஓரிடத்தில் வைத்தேன். கம்பியின் மேலிருந்த காகிதத் துண்டு முதல் தடவையே துள்ளி விழுந்தது. "முன்னாடியே செய்திருக்கியாப்பா?" என்றார் ஆய்வகத்தில் நின்ற பேராசிரியர். "செங்கல்லில் செய்திருக்கிறேன் சார்" என்றேன். அவர் கேலி என்று எண்ணிக்கொண்டார்.

இனி, ஆர்மோனியத்தின் மீது சார் கொண்டிருந்த பகைக்கு வருகிறேன். "பஞ்சமத்துல யோக்கியன், காந்தாரத்துல கள்ளன்" என்பார். இதனை எண்களால் சோதித்துப் பார்த்தேன். ச 240 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், கம்பியில் 48 செ.மீ. தரும் காந்தாரம் 5க்கு 4 என்ற விகிதத்தில் 300 ஹெர்ட்ஸ். ஆர்மோனியமோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சமவிகிதப் பங்குகளாக வெட்டியிருப்பதால் அதன் காந்தாரம் ஏறக்குறைய 302.4 ஹெர்ட்ஸ். இரண்டரை ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். ஆனால் ச-வின் ஐந்தாம் சீரிசை 1200. அந்தக் காந்தாரத்தின் நான்காம் சீரிசை 1209.5. இரண்டும் மோதும்போது வினாடிக்கு ஒன்பது பத்து விம்மல்கள் எழுகின்றன. சார் முகத்தைச் சுளித்தது இதற்குத்தான். பஞ்சமத்தில் இதே கணக்கைப் போட்டால் வினாடிக்கு ஒரு விம்மல்கூட முழுதாக வரவில்லை. யோக்கியன் என்றது சரியே! 1940இல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் ஆர்மோனியத்தைத் தடை செய்ததும், 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்ததும் இந்த வழக்கின் பழைய வாய்தாக்கள்.

சார் அடிக்கடி சொல்லும் பெயர் ஆபிரகாம் பண்டிதர் (1859 - 1919). திண்டுக்கல்லிலும் தஞ்சையிலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்பு சித்த மருத்துவத்தில் பொருளீட்டி, அந்தப் பொருளை இசை ஆராய்ச்சிக்கே செலவிட்டவர். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி மாநாடுகள் கூட்டினார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாட்டின் வித்துவான்களையெல்லாம் கூட்டிவைத்துக் கணக்குக் கேட்டார் என்பதில் சாருக்கு அளவற்ற பெருமை. சுருதி இருபத்திரண்டு அல்ல, இருபத்து நான்கு என்பது பண்டிதரின் துணிபு. ஸ்தாயியை இருபத்து நான்கு சமவிகிதப் பங்குகளாக்கினால், அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று ஆர்மோனியத்தின் பன்னிரண்டாகவே அமையும். ஆகவே அங்கும் காந்தாரம் 302.4தான். சார் பண்டிதரையும் போற்றினார், ஆர்மோனியத்தையும் ஏசினார். இரண்டும் ஒன்றாகப் பொருந்தவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது கணக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிச்சயம் மகிழ்ந்திருப்பார். ஒரு மாத காலம் வாதாடியும் இருப்பார்.

மிருதங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. சாதாரணத் தோல் பறையின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கற்று விழும். எனவே அதில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருமையாக அப்பிய கரணை அந்த மேற்சுரங்களை 2, 3, 4, 5 என்ற முழு எண்களுக்கு இழுத்துவந்துவிடுகிறது. 1920இல் இதனை உலகுக்கு எழுதிக் காட்டியவர் சர் சி. வி. இராமன். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர் என்பதை அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாம் சற்று உரக்கவே சொல்லிக்கொள்ளலாம். கணிதமின்றிக் கைவிரலாலும் காதாலும் அந்தக் கரணையைப் பூசிக் கண்டறிந்த தொழிலாளரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காது என்றதும் என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையால் எங்கள் பக்கத்தில் அடுப்பெரியாத வீடு குறைவு. அப்பாவும் ஒரு பட்டறையில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பவர் பிரஸ் ஓட்டுகிறார். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. தகடு வெட்டுமிடத்தில் அந்த எல்லையை யார் அளந்து பார்க்கிறார்கள்? இரைச்சல் காதைத் தின்னும்போது முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுரங்களைத்தான் தின்னும். ஆகவே அப்பாவுக்கு ரயில் ஊதுவது கேட்கும். குக்கர் விசில் கேட்காது. நாங்கள் அதைக் கவனமின்மை என்றே எண்ணியிருந்தோம்.

2020 டிசம்பர். பள்ளிகள் மூடிக் கிடந்தன. நான் பத்தாம் வகுப்பு என்று பெயர். பட்டறையில் வெளிமாநிலத்து ஆட்கள் ஊருக்குப் போனவர்கள் முழுதும் திரும்பவில்லை. என்னை உதவியாளாகச் சேர்த்துவிடலாம் என்று அப்பா பேசி முடித்துவிட்டார். எனக்கும் அதில் மறுப்பில்லை. வீட்டில் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு நண்பன் மூலம் செய்தி சாருக்கு எட்டியது. முகக்கவசம் அணிந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். ஐந்து நிமிடம் பேசினார். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். சார் திடீரென்று நிறுத்தினார். மெல்லக் கவசத்தைத் தாடைக்கு இறக்கி, இரண்டடி பின்னால் போய் நின்று, "அண்ணே, இப்போ கேக்குதா?" என்றார். இருபத்து மூன்று ஆண்டுகளில் அப்பா உதடுகளைப் படித்தே காலம் தள்ளியிருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்டதும் அவர் முழுச் செவிடாகியிருந்தார். எங்களிடம் சொல்லவில்லை.

"பையனுக்குக் காது நல்லா அமைஞ்சிருக்கு அண்ணே. அதையும் அங்கேயே கொண்டுபோய் வைக்காதீங்க" என்றார் சார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வீட்ல ஒருத்தனுக்காவது காது கேக்கட்டும்" என்றார். என்னை வேலைக்கு அனுப்பவில்லை.

சுருதிப்பெட்டி அந்த மார்ச் மாதத்திலிருந்து என்னிடமே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "பள்ளிக்கூடம் திறக்கட்டும், அப்போ கொண்டா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். 2021 மே மாதம் அவர் காலமானார். செப்டம்பரில் பள்ளி திறந்து பெட்டியை எடுத்துச் சென்ற அன்றுதான் எனக்கு அது தெரியும். அவருடைய வீட்டார் எங்கு சென்றார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சொந்த ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டி எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. இதைப் படிக்கும் யாருக்கேனும் அப்படி ஒரு குடும்பம் தெரிந்திருந்தால் இயற்பியல் துறையில் சொல்லியனுப்புங்கள்.

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகை வந்தபோது அப்பாவுக்குப் பஞ்சுக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்திருக்கிறார், காதில் வைப்பதில்லை. "மிஷின் சத்தம் மாறினா மொதல்ல காதுதான்டா சொல்லும். காதை அடைச்சா விரல் போயிடும்" என்கிறார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. சாரிடம் இருந்திருக்கலாம்.

கடைசியாக, சார் போட்ட கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ரயிலோசை நன்றாகக் கேட்கும். "வரும்போது ரி, போகும்போது ச. அதே ரயில், அதே ஊதல். எப்படிடா?" என்று கேட்பார். இரண்டாமாண்டில் டாப்ளர் விளைவு படித்தேன். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்க. ரயில் மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்தால், வரும் சுரத்துக்கும் போகும் சுரத்துக்கும் உள்ள விகிதம் 360க்கு 320. சுருக்கினால் 9க்கு 8. அது சதுஸ்ருதி ரிஷபமேதான், வழுவே இல்லை. வேகம் 40 கி.மீ. அளவுக்குக் குறைந்தால் விகிதம் 16க்கு 15 ஆகிச் சுத்த ரிஷபமாகிவிடும்.

விடையைச் சொல்ல ஆளில்லாமல் பட்டரவாக்கம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். நிற்காமல் போகும் விரைவு வண்டி ஒன்று ஊதிக்கொண்டே கடந்தது. ரி, ச என்று மெல்லப் பாடிப் பார்த்தேன். ரிஷபம் ஒரு நூலளவு குறைந்திருந்தது. 70க்கு மேல் வந்திருக்காது.