கோணல் மூக்குக் குஞ்சு

அன்புள்ள தம்பிக்கு,

மதுராந்தகத்திலிருந்து அத்தை எழுதுவது. நீ அனுப்பிய கோழிக்குஞ்சின் படத்தைப் பார்த்தேன். மேல்மூக்கு ஒரு பக்கமும் கீழ்மூக்கு இன்னொரு பக்கமும் போய், திறந்த கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே நிற்கிறது. பொரித்தபோது சரியாகத்தான் இருந்தது, இப்போதுதான் கோணியது என்கிறாய். அப்படித்தான் வரும். தலையெலும்பு வளர வளரத்தான் கோணல் வெளியே தெரியும். இனி இன்னும் கூடலாம். பாட்டி "இது தேறாது, விட்டுடு" என்றதில் தப்பு ஒன்றுமில்லை. எந்தக் குஞ்சு பிழைக்கும் என்று பார்த்துப் பார்த்தே கோழி வளர்த்தவர் அவர். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உன் பக்கம்.

இப்படிப்பட்ட குஞ்சு கோணலால் சாவதில்லை, பட்டினியால் சாகிறது. மூக்கை நிமிர்த்த நம்மால் முடியாது. டேப் ஒட்டுவது, நூல் கட்டுவது எதுவும் வேண்டாம். தீனியை மாற்ற முடியும், அதில் முழு மனசையும் வை.

கோழி ஒரு குருணையை இரண்டு மூக்கு நுனிக்கும் நடுவே கவ்வித்தான் எடுக்கிறது. நுனி சேராத குஞ்சு நாள் முழுக்கக் கொத்தும், வாய்க்குள் ஒன்றும் போகாது. பார்க்கிறவர்களுக்குத் தின்கிற மாதிரியே இருக்கும். அதனால் சாயங்காலம் அடையும் நேரத்தில் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பார். உப்பியிருந்தால் தின்றிருக்கிறது. ஒட்டிக் கிடந்தால் அன்று பட்டினி.

தரையில் தீனி இறைக்காதே. ஆழமான கிண்ணத்தில், குஞ்சின் நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் மேல் வை. கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீர் விட்டுக் கூழாகப் பிசைந்து போடு. வெறும் சோறும் குருணையும் போதாது, வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். நம் ஊர் வெயிலில் பிசைந்த தீனி சீக்கிரம் புளித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிசை, மீந்ததைக் கொட்டிவிடு. தண்ணீரும் மூக்கு முழுக்க முங்குகிற ஆழத்தில் இருக்கட்டும். பரிதாபப்பட்டு வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றிவிடாதே, மூச்சுக்குழலுக்குள் போய் உயிரே போய்விடும். தின்னும் நேரத்தில் மட்டும் பஞ்சாரத்தில் தனியாக அடை. மற்ற நேரம் கூட்டத்தோடு விடு, தனியாகக் கிடக்கும் கோழி வாடிப்போகும்.

கோணல் மூக்கால் இறகைக் கோதிப் பேன் எடுக்க முடியாது. சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று வெட்டிக் கொடு, புரண்டு குளிக்கும். செட்டைக்கு அடியில் வாரம் ஒரு முறை நீயே பார்.

மூக்கு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். மற்ற கோழிகளுக்குத் தரையில் உரசித் தேயும், இதற்குத் தேயாது. நீண்டு வரும் நுனியை நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். ஆனால் உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. முட்டைப் பண்ணைகளில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கச் சூடான தகட்டால் மூக்கை வெட்டுகிறார்களே, அது நகம் வெட்டுவது போல அல்ல. அந்தக் கோழிக்கு வலிக்கும். அதனால் முதல் முறை மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் செய்யட்டும், நீ பக்கத்தில் நின்று கற்றுக்கொள்.

பள்ளிக்கூடப் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்றாயே, அவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் நத்தைகுத்தி நாரையைக் காட்டு. வளர்ந்த நாரையின் இரண்டு மூக்கும் நடுவில் சேராது, சந்து விட்டிருக்கும். பல நாரைகளுக்குக் கீழ்மூக்கு நுனி வலப்பக்கம் திருகியும் இருக்கும். அந்தத் திருகிய நுனியை நத்தை ஓட்டுக்குள் விட்டுத்தான் சதையை இழுக்கிறது. குஞ்சில் அந்தச் சந்தே கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும். அதே போல, அரிவாள் மூக்கன் குஞ்சுக்கு மூக்கு நேராக இருக்கும், கரண்டிவாயன் குஞ்சுக்குக் கரண்டி இராது. உன் குஞ்சின் கோணலால் நாரைக்குப் போல ஒரு பயன் உண்டு என்று சொல்ல மாட்டேன். அது குறைதான். ஆனால் மூக்கின் வடிவத்தைப் பார்த்து எந்தப் பறவைக்கும் தீர்ப்பு எழுதாதே, வயிற்றைப் பார்த்து எழுது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டிருந்தாய். பரம்பரையாக இருக்கலாம், அடையில் சூடு கூடிக் குறைந்திருக்கலாம், தாய்க்கோழிக்குச் சத்துக் குறைந்திருக்கலாம். ஒரு குஞ்சை வைத்துச் சொல்ல முடியாது. அதே சேவலுக்கும் பெட்டைக்கும் இன்னொரு குஞ்சு இப்படி வந்தால் அந்த ஜோடியின் முட்டையை அடைக்கு வைக்காதே. இந்தக் குஞ்சு பெட்டையானால் முட்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், பொரிக்க மட்டும் விடாதே. சேவலானால் பெட்டைகளோடு விடாதே. இதில் இரக்கம் பார்த்தால் அடுத்த தலைமுறைக் குஞ்சுகள்தான் கஷ்டப்படும்.

ஒரு கோழி கோணினால் நம் வீட்டு விஷயம். ஏரியில் பல பறவைகள் கோணினால் ஊர் விஷயம். 1983-இல் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் நீர்ப்பறவைக் குஞ்சுகள் கோணல் மூக்கோடும் ஊனத்தோடும் முட்டைக்குள்ளேயே சிதைந்திருந்தன. வயல்களிலிருந்து வடிந்த தண்ணீரில் சேர்ந்த செலினியம்தான் காரணம். அலாஸ்காவில் 1990-களின் கடைசியிலிருந்து சிட்டுகளுக்கு மூக்கு அளவு மீறி வளர்வதைப் பார்த்து, பின்னால் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு இடத்திலும் யாரோ கூர்ந்து பார்த்ததால்தான் தெரிந்தது. 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கிப் பறவைகளைக் காத்த ஊர் உன் ஊர். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத பிள்ளைகளுக்கு இப்படிப் பார்க்கும் கண்ணும் வேண்டும். ஆனால் கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வராதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்காரர்களிடம் சொல், அதுதான் குஞ்சுக்கும் நல்லது.

ஒரு கடினமான பேச்சும் இருக்கிறது. மளிகைக்கடைத் தராசில் வாரா வாரம் நிறுத்து நோட்டில் எழுது. கூடப் பொரித்த குஞ்சுகளை விடக் குறைவாக ஏறினாலும் பரவாயில்லை, ஏறினால் போதும். கூழ் கொடுத்தும் எடை இறங்கிக்கொண்டே போனால், வாய் மூட முடியாமல் மூச்சு வாங்கினால், டாக்டரிடம் கொண்டு போ. வலியில்லாமல் முடித்துவிடுவது நல்லது என்று அவர் சொன்னால் கேள். அப்போது உன்னை யாரும் கல்நெஞ்சன் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும். இளங்குஞ்சுக்கு அதற்கு முன்பே சொட்டு மருந்து உண்டு, மாட்டாஸ்பத்திரியில் கேள். மூக்கைச் சாக்காக வைத்து இந்தக் குஞ்சை விட்டுவிடாதே, மற்றதோடு சேர்த்துக் கொண்டு போ. இந்த ஞாயிற்றுக்கிழமை எடை எவ்வளவு என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை