சண்டைக்கார மீன்களுக்குத் தொட்டியில் எல்லை போடுவது எப்படி?

லோஹான் மலேசியாவில் பிறந்த மீன். மத்திய அமெரிக்காவின் சிக்லிட் இனங்களை ஒன்றோடொன்று கலந்து 1990களில் இங்கே உருவாக்கினார்கள். 2000க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் மலேசிய, சிங்கப்பூர் வரவேற்பறைகளில் அதன் கொடிதான் பறந்தது. நெற்றி எவ்வளவு புடைத்திருக்கிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம் என்றார்கள். உடம்பிலுள்ள கறுப்புத் திட்டுகளில் நம்பர் தேடியவர்களும் உண்டு. மோகம் வடிந்தது, மீன் நிலைத்துவிட்டது. அலங்கார மீன் வளர்ப்பில் நாட்டின் முன்னணி மாநிலமான ஜொகூரில், ஜொகூர் பாருவிலிருந்து பத்து பகாட் வரை எந்த மீன் கடையில் நுழைந்தாலும் லோஹான் இருக்கும். பக்கத்தில் ஆஸ்கார், ரெட் பேரட், ரெட் டெவில், ஜாகுவார் சிக்லிட்.

கடையில் ஒரே தொட்டியில் ஏராளமான குஞ்சுகள் சமர்த்தாக நீந்தும். அதை நம்பி இனத்துக்கு ஒன்றாக வாங்கிவந்து நாலடித் தொட்டியில் விடுகிறார்கள். சில மாதங்களில் ஒரு மீன் தொட்டி முழுவதையும் ஆள்கிறது. மற்றவை வால் கிழிந்து மேல்மூலையில் ஒடுங்குகின்றன. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அங்கே இருந்தவை குஞ்சுகள், தொட்டி வெறுமை, கூட்டமோ நெருக்கடி. எந்த மீனாலும் ஒரு மூலையைத் தனதென்று பிடித்துக் காக்க முடியாது. வீட்டில் கல்லும் பானையும் இடமும் கிடைத்ததும் எல்லைத் தகராறு தொடங்குகிறது. ஆகவே மீனின் குணத்தை மாற்றப் பார்ப்பதை விட, இடத்தை மாற்றி அமைப்பதுதான் பலன் தரும்.

முதல் வேலை, வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடுவது. மூன்று அங்குலத்தில் வாங்கும் ஆஸ்கார் அப்படியே சிறிதாக இருக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 30 சென்டிமீட்டர் அதற்குச் சாதாரணம். ஜாகுவார் அதையும் தாண்டும். ரெட் டெவிலும் லோஹானும் அளவில் சற்றுச் சிறியவையாக இருந்தாலும் மூர்க்கத்தில் குறைந்தவை அல்ல. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். அதில் ஒரு லோஹான் வளர்க்கலாம். ஒன்றே ஒன்று. துணைக்கு இன்னொன்று இல்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை. பெரும்பாலான தாமான் வீடுகளுக்கு இதுதான் நியாயமான முடிவு.

இரண்டு மூன்று பெரிய மீன்கள் வேண்டுமென்றால் 6 × 2 × 2 அடித் தொட்டிக்குப் போக வேண்டும். அது 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அதை அறையின் நடுவில் வைக்காமல், சுவரை ஒட்டி, தரை தாங்குமா என்று தெரிந்தவரைக் கேட்டுவிட்டு வைப்பது நல்லது. உயரமான தொட்டி பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் சிக்லிட் சண்டை போடுவது தரைக்காக. அதே காசுக்கு நீளமும் அகலமும் கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

இடம் பெரிதானால் சண்டை உண்மையிலேயே குறையுமா? அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட், லோஹானின் உறவினமான மைடாஸ் சிக்லிட்டின் இளமீன்களை வைத்து இதைச் சோதித்தார். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொட்டியைச் சிறிதளவு பெரிதாக்கியதில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. சுமார் 380 லிட்டர் தொட்டியில் மறைவிடங்களும் சேர்ந்தபோதுதான் தாக்குதல் குறைந்தது. மூன்றடியிலிருந்து மூன்றரை அடிக்கு மாறி மிச்சம் பிடிப்பதில் பயனில்லை என்று இதற்குப் பொருள்.

அடுத்தது உள்ளமைப்பு. நோக்கம் அழகு மட்டுமல்ல, பார்வையை மறிப்பது. ஒரு முனையிலிருந்து பார்க்கும் மீனுக்கு மறுமுனை தெரியக்கூடாது. பெரிய கற்களை மணலின் மேல் அடுக்கக் கூடாது. இந்த மீன்கள் மணலை வாயால் அள்ளித் துப்பிக் குழி தோண்டும், கல் சரிந்து கண்ணாடியை உடைக்கும். அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் பலகை போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்தி, பிறகு மணலைக் கொட்ட வேண்டும். மண்பானை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு, மரக்கட்டை எல்லாம் உதவும். ஒவ்வொரு ஒளிவிடத்துக்கும் இரண்டு வாசல் கட்டாயம். ஒரே வாசலுள்ள பானைக்குள் துரத்தப்பட்ட மீன் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

புதிய மீனை விடுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முன்பே குடியிருக்கும் மீனுக்கு எப்போதும் ஒரு படி கூடுதல் துணிச்சல் உண்டு. அது தன் வீட்டில் நின்று சண்டை போடுகிறது. அந்தச் சாதகத்தை உடைக்க வேண்டும். புதியதை முதலில் தனித்தொட்டியில் இரண்டு வாரமாவது வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்யவும். விடும் நாளில் பெரிய தொட்டியின் கல், பானை எல்லாவற்றையும் எடுத்து இடம் மாற்றி அடுக்கவும். பழையதுக்கும் ஊர் புதிதாகிவிடும். பிறகு தீனி போட்டு, விளக்கை அணைத்து, இரவில் விடவும். பல மீன்களை வளர்க்கத் திட்டமிட்டால் சாதுவானவை முதலில், மிக முரட்டுத்தனமானது கடைசியில். எல்லாவற்றையும் குஞ்சுப் பருவத்தில் ஒரே நேரத்தில் விடுவது இன்னும் நல்லது.

அப்படியும் ஒத்துவராவிட்டால் தடுப்பு. சிறு சதுர ஓட்டைகளுள்ள பிளாஸ்டிக் தட்டியை அளவுக்கு வெட்டி, கேபிள் டையால் கட்டி, தொட்டியின் குறுக்கே நிறுத்தலாம். தண்ணீர் போய்வரும், மீன் போகாது. இலேசாக நிறுத்தினால் ரெட் டெவில் முட்டித் தள்ளிவிடும். இருபுறமும் கல்லால் முட்டுக்கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ், சண்டைக் குணம் பற்றி 1963இல் எழுதிய நூலில் சிக்லிட் ஜோடிகளைப் பற்றிச் சொல்கிறார். நடுவில் கண்ணாடி வைத்து இரண்டு ஜோடிகளை அடுத்தடுத்து வளர்த்தால், ஆண்கள் கோபத்தை எதிர்வீட்டுக்காரன்மேல் காட்டிக்கொண்டு தம் பெண்ணை விட்டுவைக்கும். கண்ணாடியில் பாசி படர்ந்து அடுத்த வீடு மறைந்ததும் ஆண் தன் பெண்ணையே தாக்கத் தொடங்கும். பாசியைத் துடைத்தால் வீட்டில் மீண்டும் அமைதி. ஜோடி சேர்த்திருப்பவர்கள் ஒளிபுகும் தடுப்புக்கு அப்பால் ஒரு ‘எதிரி’யை வைப்பது இதனால்தான். ஆனால் எந்நேரமும் அல்ல. லோஹான் வளர்ப்போர் சிலர் நெற்றி புடைக்கக் கண்ணாடி காட்டுகிறார்கள். சில நிமிடங்களோடு நிறுத்தாவிட்டால் மீன் களைத்துப்போகும்.

எது வீறாப்பு, எது ஆபத்து என்று பிரித்தறியவும் பழக வேண்டும். செவுளை விரிப்பது, பக்கவாட்டில் நின்று வாலால் தண்ணீரை அடிப்பது, வாயோடு வாய் கவ்வி இழுப்பது எல்லாம் பலம் பார்க்கும் சடங்கு. தோற்றது விலகி ஓட, வென்றது துரத்துவதை நிறுத்தினால் கவலையில்லை. ஓடிய மீனை மறுபடி மறுபடி தேடிப்போய்க் கடிப்பது, அது துடுப்பை மடக்கிக்கொண்டு நீர்மட்டத்தில் நிற்பது, தீனிக்கு வராமல் இருப்பது, இவை வந்தால் அன்றே பிரிக்க வேண்டும். மீன் தட்டையான கல்லை வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது. பிற மீன்களை முன்கூட்டியே மாற்றிவிடலாம். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும் வாரங்களில் கை விட்டாலும் கடி உண்டு.

பிரிக்கும்போது அடிவாங்கியதை எடுப்பதுதான் வழக்கம். மாற்றிச் செய்து பார்க்கலாம்: காயம் லேசானால் நாட்டாமை மீனை ஒரு வாரம் வேறு தொட்டிக்கு அனுப்பி, உள்ளமைப்பை மாற்றி, மற்றவை இடம் பிடித்த பிறகு திருப்பி விடுவது. காயம் ஆழமானால் தனித்தொட்டி, சுத்தமான தண்ணீர், லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை அயோடின் சேர்க்காத கல்லுப்பு கரைத்து விடுவது போதும். இதற்காகவே காலித் தொட்டி ஒன்றை, வடிகட்டியோடு, எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். இரண்டாவது மீனை வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

தண்ணீரையும் கவனிக்கவும். ஜொகூர் வெயிலில் ஹீட்டர் தேவையில்லை. ஜன்னலோரம் வைத்தால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி, சூட்டில் மீனின் பரபரப்பும் கூடும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றி, குழாய்நீருக்கு ஆன்டி-குளோரின் சேர்க்கவும். தீனியைத் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போட்டால் நாட்டாமையால் இரண்டு இடத்தையும் காக்க முடியாது.

எதுவும் சரிவராத மீனைப் பக்கத்து ஆற்றிலோ ஏரியிலோ விடுவது மட்டும் கூடாது. அமேசானைச் சேர்ந்த பீக்காக் பாஸ் என்ற சிக்லிட் இன்று மலேசியாவின் பழைய ஈயக்குட்டைகளில் நிலைத்துவிட்டது. அங்கே இருந்த உள்ளூர் சிறுமீன்கள் அதற்கு இரை. பல மீன் கடைகள் வளர்ந்த லோஹானையும் ஆஸ்காரையும் திருப்பி எடுத்துக்கொள்ளும், காசு கொடுக்காவிட்டாலும் தீனியாவது கொடுக்கும். குஞ்சு வாங்கும் அன்றே இதைக் கேட்டுவைப்பது நல்லது.