இயற்கை வேளாண் மசாலாப் பொருள்களுக்குக் கூடுதல் விலை தரலாமா?

நோயுற்றவர் வீடு திரும்பியதும் சமையலறை முழுவதையும் மாற்றிவிட வேண்டும் என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. மருந்துச் செலவே மிகுந்திருக்கும் வேளையில், கூடுதல் விலை கொடுத்து 'ஆர்கானிக்' மஞ்சளும் மிளகாயும் வாங்கத் தொடங்குவோர் பலர். அப்பணம் எதற்குப் பயன்படுகிறது என்று அறிந்து செலவிடுவது நன்று.

அம்முத்திரை, செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இடாமல் பயிரிட்டதற்கான சான்று. 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி விற்கப்படும் பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' சின்னம் இருக்கும். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உழவர்க்கு இதில் விலக்கு உண்டு. 'நேச்சுரல்', 'பாரம்பரியம்' முதலிய சொற்கள் சான்று ஆகா.

இனி மஞ்சளைப் பார்ப்போம். நிலத்தடியில் விளைந்து, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய பின்னரே அது சந்தைக்கு வருகிறது. மெருகேற்றும்போது நிறத்திற்காக ஈயக் குரோமேட் என்னும் நச்சு நிறமியைச் சேர்ப்போர் உண்டு. வங்காளதேசத்தில் 2019இல் ஆய்ந்த சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசின் கடும் நடவடிக்கைக்குப் பின், 2021இல் ஒரு மாதிரியிலும் அது காணப்படவில்லை. கருவிலுள்ள சிசுவுக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் ஈயம் கேடு செய்யும். அதற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை. இக்கலப்படம் வயலில் நிகழ்வதன்று. விளைச்சலுக்குப் பின் நிகழ்வது. ஆகவே மஞ்சளில் முத்திரையைவிட, நம்பகமான இடத்தில் முழு விரலியாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வதே மேல் என்பது எம் கருத்து. கண்ணைப் பறிக்கும் பளபளப்புள்ள விரலி வேண்டா. நீரிலிட்டவுடன் நிறம் பிரிந்தால் ஐயம் கொள்க. பிரியாவிடினும் முற்றும் தூயது என்று துணிய இயலாது.

மிளகாயின் நிலை வேறு. இலைப்பேன் முதலியவற்றுக்காக அச்செடியின்மீது பலமுறை மருந்து தெளிக்கப்படுகிறது. பழத்தையோ தோலுடன் அரைத்து உண்கிறோம். கையில் பணம் மிஞ்சுமாயின் முதலில் மிளகாய்க்கே செலவிடலாம். ஆயினும், சரிவர உலராத வற்றலில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்ஸின் நஞ்சு, முத்திரையைக் கண்டு விலகி நிற்பதில்லை. பூசணம் பிடித்த வற்றலை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டா; வறுத்தாலும் அந்நஞ்சு முற்றிலும் அழியாது.

ஒருவர் ஒருநாளில் உண்ணும் மசாலா சில கிராம்களே. அதற்காகப் பருப்பையும் முட்டையையும் காய்கறியையும் குறைத்தால், நோயாளிக்கு நட்டமே.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் மிளகுத் தூளை இறக்கிய உணவின்மேல் தூவலாகாது, கொதிக்கும்போதே இடுக. சால்மோனெல்லா கிருமி எவ்வகை மசாலாவிலும் இருக்கக்கூடும். சிறுநீரக நோயாளர், ஆயத்த மசாலாப் பொட்டலங்களில் 'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு முன்பாக உப்பின் அளவைப் படிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், குழம்பிலிடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சள் மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.