மெக்ஸிகன் ரைஸ் பவுல் வீட்டில் செய்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

"300 ரூபாய் பவுலை 47 ரூபாய்க்கு வீட்டிலேயே செய்யுங்க, மாசம் 5,000 ரூபாய் மிச்சம்!" இப்படி ரீல்ஸ் நிறைய பார்த்திருப்பீங்க. 47 ரூபாய் சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். 5,000 தான் தப்பு.

மரக்காணத்திலிருந்து ஈசிஆர் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போகிற ஒருவரை எடுத்துக்குவோம். அவர் தினமும் ஆப்பில் 300 ரூபாய் பவுல் ஆர்டர் பண்றதில்லை. ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் 90 ரூபாய்க்குச் சாப்பிடுறார். அப்போ ஒப்பிட வேண்டியது எதோட? நாம நிஜமாகவே நிறுத்தப் போகிற செலவோடதான்.

4 பாக்ஸுக்கு என் கணக்கு (விலை ஊருக்கு ஊர் மாறும்): அரிசி 300 கிராம் 18 ரூபாய், ராஜ்மா 250 கிராம் 40, தக்காளி அரைக் கிலோ 20, வெங்காயம் 10, குடைமிளகாய் 20, ஸ்வீட் கார்ன் 20, தயிர் 20, கொத்தமல்லி, எலுமிச்சை, பச்சை மிளகாய் 15, எண்ணெய், சீரகம், மிளகாய்த்தூள், கேஸ் 25. மொத்தம் 188, ஒரு பாக்ஸ் 47. மெஸ்ஸில் 4 நாளைக்கு 360. வாரம் 172 ரூபாய் மிச்சம்.

இப்போ ஒரு பாக்ஸ் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போனீங்கன்னு வைங்க. 188 + 90 = 278. மிச்சம் 82 ஆகிடும். இரண்டு பாக்ஸ் போச்சுன்னா 368, அதாவது 8 ரூபாய் நஷ்டம், ஞாயிற்றுக்கிழமை சமைத்த உழைப்பு தனி. அதனால இந்தத் திட்டத்தில் மசாலாவை விட முக்கியம், பாக்ஸ் கெடாமல் இருப்பது.

ராஜ்மாவை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிட்டு, குக்கரில் நன்றாக வேகவையுங்க. பச்சை ராஜ்மாவில் இருக்கிற ஒரு நச்சு, வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும். மெதுவான சூட்டில் அரைவேக்காடாக விட்டாலும் அது போகாது. காராமணி போட்டாலும் நல்லாவே இருக்கும்.

சோறு இன்னும் ஆபத்து. வெந்த சோற்றை வெளியிலேயே விட்டால் பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும், அது திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போகணும். திங்கள், செவ்வாய் பாக்ஸ் கீழே. புதன், வியாழன் பாக்ஸ் ஃப்ரீசரில். தயிரும், பச்சையாக நறுக்கின வெங்காயம்-தக்காளியும் ஃப்ரீசருக்கு ஆகாது, அதைக் காலையில் தனி டப்பாவில் எடுத்துக்குங்க. கடற்கரை வெயிலில் 7 மணிக்குக் கிளம்பின பாக்ஸ் மதியம் 1 மணி வரை பையில் தாங்காது. ஐஸ் பேக்கோட எடுத்துப் போய், போனதும் ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்து, ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடணும். ஆபீஸில் ஃபிரிட்ஜோ மைக்ரோவேவோ இல்லைன்னா இந்த வேலையே வேண்டாம். காலையில் கிளறின எலுமிச்சை சாதம் போதும்.

அடுத்து, வெண்ணெய்ப்பழம். கொடைக்கானல் கீழ்மலையில் விளையுறதுதான், ஆனா 80 ரூபாய்க்கு ஒன்று வாங்கினாலே 172 மிச்சம் 92 ஆகிடும். அது இல்லாமலும் இது மெக்ஸிகன்தான். ராஜ்மா, சோளம், தக்காளி, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மகிட்ட வந்தவை. அரிசிதான் ஸ்பானியர்களோட அங்கே போனது!

டாக்கோ மசாலா பாக்கெட்டும் வாங்க வேண்டாம். வாங்கினால் பின்னாடி சோடியம் எவ்வளவுன்னு பாருங்க, அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம்னா 1 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழ் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் உப்பளம் பார்க்கிற ஊர்க்காரர், உப்பை மசாலா விலைக்கு வாங்கலாமா? வறுத்த சீரகப்பொடி, மிளகாய்த்தூள், பூண்டு, எலுமிச்சை போதும். ஆனா உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே போடாமல், அயோடின் கலந்த உப்பாகப் பார்த்து வாங்குங்க.

முதல் வாரம் 2 பாக்ஸ் மட்டும் செய்யுங்க. இரண்டும் காலியானால் அடுத்த வாரம் 4. வெள்ளிக்கிழமைக்கு 90 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க, அன்னிக்கு மெஸ்தான்.